1998 மாருதி 800: இழுவை எங்கே போனது?

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கருவி) வைத்த பழைய மாருதி 800 திடீரென்று இழுக்காமல் போனால் எல்லோரும் முதலில் கைவைப்பது கார்புரேட்டரில்தான். நானும் அந்த வழியாகத்தான் போனேன். கோளாறு இருந்தது வண்டிக்கு அடியில், புகை வெளியேறும் வழியில். சரிசெய்து ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டிப் பார்த்த பிறகு, என்னென்ன பார்த்தேன், எதை அளந்தேன், எவ்வளவு செலவானது என்பதை வரிசையாக எழுதிவைக்கிறேன். பழைய வண்டியை வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஓரளவு உதவும்.

வண்டி 1998 மாடல், சென்னைப் பதிவு. 796 சிசி, மூன்று சிலிண்டர், நான்கு கியர். சித்தப்பா வாங்கி, பிறகு என் கைக்கு வந்தது. 1995 ஏப்ரலிலிருந்து நான்கு பெருநகரங்களில் பதிவாகும் புதிய பெட்ரோல் கார்களுக்கு, புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஆகவே கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரத்தைப் பிரித்தனுப்புவது) எல்லாம் அந்தக் காலத்துச் சமாச்சாரமாக இருந்தும், அடியில் ஒரு கன்வெர்ட்டரும் உட்கார்ந்திருக்கும் இடைப்பட்ட தலைமுறை வண்டி இது. ஆக்ஸிஜன் சென்சார் கிடையாது, எச்சரிக்கை விளக்கு கிடையாது, ஸ்கேனர் மாட்ட இடமும் கிடையாது. காதையும் கையையும் நாலைந்து மலிவான கருவிகளையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கோளாறு காட்டிய விதம் இது: கத்திப்பாரா மேம்பாலத்தில் மூன்றாம் கியரில் ஏறிக்கொண்டிருந்தபோது வேகம் தானாகவே குறையத் தொடங்கியது. ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தாலும் பயனில்லை. இரண்டாம் கியருக்கு மாற்றியும் தவழ்ந்துதான் மேலே வந்தது. சமதளத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் போகவில்லை. ஆனால் ஐடிலிங், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடுவது, நன்றாக இருந்தது. ஸ்டார்ட் ஆவதிலும் சிக்கல் இல்லை. கரும்புகை இல்லை, வெப்பமானி முள் நடுவிலேயே நின்றது. ஆறவிட்டு எடுத்தால் சில சமயம் நன்றாக ஓடும். சிறிது தூரத்துக்குப் பிறகு மறுபடி கழுத்தைப் பிடிக்கும். இந்த 'சில சமயம் நன்றாக ஓடும்' என்பதுதான் என்னை வெகுதூரம் அலைக்கழித்தது.

இன்ஜினைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு விஷயங்களை விலக்கிவிட வேண்டும். ஒன்று கிளட்ச். கிளட்ச் தேய்ந்து வழுக்கினால் இன்ஜின் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. என் வண்டியில் இன்ஜின் சத்தமே ஏறவில்லை. அதனால் கிளட்ச் இல்லை. இரண்டாவது பிரேக். ஒரு சக்கரம் பிடித்துக்கொண்டிருந்தாலும் இதே உணர்வுதான் வரும். சமமான தெருவில் நியூட்ரலில் விட்டுப் பார்த்தேன், நன்றாக உருண்டது. இறங்கி நான்கு சக்கரங்களின் நடுப்பகுதியையும் தொட்டுப் பார்த்தேன். எதுவும் தனியாகக் கொதிக்கவில்லை. இதற்குப் பைசா செலவில்லை, பத்து நிமிடம் போதும்.

தீப்பொறி

மூன்று பிளக்குகளையும் கழற்றினேன். ஒன்றும் இரண்டும் பழுப்பு நிறம், பழுதில்லை. மூன்றாவது கறுத்து ஈரமாக இருந்தது, முகர்ந்தால் பெட்ரோல் வாடை. அந்தச் சிலிண்டரில் எல்லாப் பெட்ரோலும் எரியவில்லை என்று பொருள். மல்டிமீட்டரை எடுத்து பிளக் வயர்களின் மின்தடையை அளந்தேன். முதல் இரண்டும் 6, 7 கிலோ ஓம் காட்டின. மூன்றாவது வயரை நேராகப் பிடித்தால் 9 காட்டியது. சற்று வளைத்தால் எண் தாறுமாறாக ஓடி, பிறகு ஒன்றுமே காட்டவில்லை. உள்ளே இழை அறுந்து, தொட்டும் தொடாமலும் இருந்திருக்கிறது.

இரவில் தெருவிளக்குக்குத் தள்ளி வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, செடிகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் புட்டியால் வயர்கள் மேல் லேசாகப் புகை போலத் தெளித்தேன். மூன்றாவது வயர் வால்வு மூடியைத் தொட்டுக்கொண்டு போகும் இடத்தில் நீலநிறத்தில் ஒரு பொறி விட்டுவிட்டுத் தாவியது. ஒவ்வொரு தாவலுக்கும் இன்ஜின் ஒரு முறை தடுக்கியது. இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள் ஓடும் இன்ஜினில் வயரைக் கையால் தொடக்கூடாது. உயிர் போகாவிட்டாலும் தூக்கி எறியும்.

முந்தைய மழைக்காலத்திலிருந்தே காலை வேளைகளில் கொஞ்சம் மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் எரியாமல் இன்ஜின் தடுக்குவது) இருந்தது, சூடானதும் நின்றுவிடும். அதற்கான காரணம் இதுதான். புது வயர் செட், மூன்று பிளக், கூடவே டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் ரோட்டரும் வாங்கி மாட்டினேன். பிளக் இடைவெளியை ஃபீலர் கேஜால் 0.75 மி.மீ. வைத்தேன். மிஸ்ஸிங் அடியோடு நின்றது. ஐடிலிங் தையல் மெஷின் போல ஓடியது. உற்சாகமாக எடுத்துக்கொண்டு போனேன். மேம்பாலம் ஏறவில்லை.

ஒரு உண்மையான கோளாறு கிடைத்து, அதைச் சரிசெய்தும் புகார் அப்படியே நின்றால் குழப்பம் இரட்டிப்பாகும். வயர் கோளாறுக்கும் இழுவைக்கும் தொடர்பே இல்லை என்று அப்போது முடிவு கட்டினேன். தொடர்பு இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெட்ரோல்

இந்த வண்டியில் பெட்ரோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவதில்லை. இன்ஜினே கேம் வழியாகத் தள்ளி இயக்கும் டயஃப்ரம் பம்ப். டயஃப்ரம் சோர்ந்தால் ஐடிலிங்குக்குப் போதுமான பெட்ரோல் வரும், ஏற்றத்தில் கேட்கும் அளவுக்கு வராது. என் அறிகுறிக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் புட்டிக்குள் விட்டேன். இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதிருக்க, பொறிக்கான மின்சாரத்தைத் தரும் இக்னிஷன் காயிலின் வயரைப் பிடுங்கிவிட்டு, தம்பியைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். பெட்ரோல் நல்ல வீச்சோடு, துடிப்புத் துடிப்பாக வந்தது. ஒரு துடிப்புகூடச் சளைக்கவில்லை. காற்றுக்குமிழியும் இல்லை. ஃபில்டர் அறுபது ரூபாய்ப் பொருள் என்பதால் கேள்வி கேட்காமல் மாற்றினேன். பழையதை அறுத்துப் பார்த்ததில் அடியில் கொஞ்சம் செந்தூள், அவ்வளவுதான்.

டேங்க் மூடியின் காற்றுவழி அடைத்தாலும் சிறிது தூரம் ஓடியபின் இழுவை போகும். உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. வண்டி தடுமாறும்போதே ஓரங்கட்டி மூடியைத் திறந்து பார்த்தேன். 'உஸ்' என்ற சத்தம் எதுவும் இல்லை. திறந்த மூடியோடு ஓட்டியும் பார்த்தேன், மாற்றமில்லை. இதை யாரும் செய்துபார்ப்பதில்லை. செலவே இல்லாத சோதனை, செய்யலாம்.

அடுத்தது கார்புரேட்டர். தெருமுனை மெக்கானிக் அண்ணன் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்: "கார்புரேட்டர்தான் தம்பி. இறக்கிக் கழுவினால் பறக்கும்." இறக்கினேன். கிட் வாங்கி ஊசி வால்வு, கேஸ்கெட், ஆக்ஸிலரேட்டர் பம்பின் டயஃப்ரம் எல்லாம் மாற்றினேன். ஜெட்டுகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், எல்லாமே திறந்திருந்தன. ஜெட்டுக்குள் கம்பி விட்டுக் குத்தக்கூடாது, துளை பெரிதாகிவிடும்; ஸ்பிரேயும் காற்றும் போதும். மிதவை அறையின் அடியில் பழுப்பு நிறக் கசடு ஒரு பூச்சாக இருந்தது. ஊசி வால்வின் நுனியில் நகத்தால் தடவினால் தெரியும் அளவுக்கு ஒரு வளையம் விழுந்திருந்தது. அந்த வளையம் பெட்ரோலை முழுதாக அடைக்காமல் கூடுதலாகவே விட்டுக்கொண்டிருக்கும். கலவை கனமாகும், பெட்ரோல் வீணாகும். இதையும் குறித்துவைத்துக்கொண்டேன்.

கழுவி மாட்டிய கார்புரேட்டரோடு வண்டி பறக்கவில்லை. மைலேஜ் ஒரு துளி கூடியது போலத் தோன்றியது. இழுவை அப்படியே.

கம்ப்ரெஷன்

இந்தக் கட்டத்தில் வேறொரு பட்டறையில் காட்டினேன். ஆக்ஸிலரேட்டரை நாலு முறை முறுக்கிக் கேட்டுவிட்டு, "ரிங் தேய்ந்துவிட்டது சார், இன்ஜினை இறக்க வேண்டும்" என்றார்கள். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி அழுத்தம் கசியாமல் காக்கும் வளையம். இருபத்தைந்தாயிரத்தில் தொடங்கும் என்று மதிப்பீடு. வண்டியின் விலையே அதைவிட ரொம்ப அதிகமில்லை. எதையும் அளக்காமல் காதால் கேட்டு இன்ஜினை இறக்கச் சொல்கிறவர்களிடம் சாவியைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கினேன். இன்ஜினைச் சூடாக்கி, மூன்று பிளக்குகளையும் கழற்றி, காயில் வயரைப் பிடுங்கி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டரையும் சுற்றவிட்டேன். 165, 162, 158 பிஎஸ்ஐ. இந்த வயது இன்ஜினுக்கு இது நல்ல கணக்கு. முக்கியமாக, மூன்றும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றன. ரிங் தேய்ந்த இன்ஜின் இப்படிக் காட்டாது. இருபத்தைந்தாயிரம் ரூபாய்க் கதை அங்கே முடிந்தது.

கையோடு வால்வு மூடியையும் திறந்து, வால்வுகளுக்கு மேலுள்ள டாப்பெட் இடைவெளிகளையும் பார்த்தேன். ஆறிய நிலையில் 0.13 முதல் 0.18 மி.மீ. வரை இருக்க வேண்டும். ஒரு எக்ஸாஸ்ட் வால்வு மட்டும் 0.10 இருந்தது, திருத்தினேன். டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருந்தாலும் இழுவை போகும் என்பதால் மேல் கவரைக் கழற்றி, குறிகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்தேன். இரண்டு குறிகளும் நேர்கோட்டில் இருந்தன. டைமிங் லைட்டை வைத்துப் பார்த்ததில் இக்னிஷன் டைமிங்கும் இடத்தில் இருந்தது; வேகம் கூடக்கூடக் குறி முன்னால் நகர்ந்தது, அதாவது வேகத்துக்கேற்பப் பொறியை முன்கூட்டியே விடும் அட்வான்ஸ் வேலை செய்கிறது.

தீப்பொறி இருக்கிறது, பெட்ரோல் வருகிறது, அழுத்தம் இருக்கிறது, நேரம் சரியாக இருக்கிறது. காற்று உள்ளே போகும் வழியில் ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டே ஓட்டிப் பார்த்தாயிற்று. மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று: எரிந்த காற்று வெளியே போகிறதா?

வேக்குவம் கேஜ்

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு கருவிக்கடையில் 750 ரூபாய்க்கு வேக்குவம் கேஜ் (இன்ஜின் காற்றை இழுக்கும்போது உண்டாகும் வெற்றிடத்தை அளப்பது) வாங்கினேன். வட்டமான முகம், பாதரச அங்குலக் கணக்கில் 0 முதல் 30 வரை, ஒரு மீட்டர் நீள ரப்பர் குழாய். இந்த வேலை முழுவதிலும் உருப்படியாகச் செய்த செலவு இதுதான்.

இதை எங்கே மாட்டுகிறோம் என்பது முக்கியம். முதலில் கைக்கு எட்டிய டிஸ்ட்ரிபியூட்டர் அட்வான்ஸ் குழாயில் மாட்டினேன். ஐடிலிங்கில் முள் பூஜ்யத்திலேயே நின்றது. அந்தக் குழாய் கார்புரேட்டரில் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகட்டுக்கு மேலே திறப்பது; ஐடிலிங்கில் அங்கே வெற்றிடமே இருக்காது. த்ராட்டிலுக்குக் கீழே, சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து நேராக வரும் குழாயில்தான் மாட்ட வேண்டும். அதைத் தேடிப் பிடித்து மாட்டியதும் முள் 18-க்கு ஏறி, அசையாமல் நின்றது. கடல்மட்டத்தில் இருக்கும் சென்னைக்கு 17 முதல் 21 வரை சரியான அளவு. வால்வு கசிந்தால் முள் துடிக்கும். இங்கே துடிப்பில்லை.

தம்பி ஆக்ஸிலரேட்டரை மெதுவாக மிதித்து, டைமிங் லைட்டில் இருந்த டாக்கோமீட்டர் நிமிடத்துக்கு 2,500 சுற்று காட்டும் இடத்தில் பிடித்துக்கொண்டான். நல்ல இன்ஜினில் முள் ஒரு கணம் இறங்கி, பிறகு ஐடிலிங்கில் இருந்த அளவுக்கோ அதற்குச் சற்று மேலேயோ வந்து நிற்கும். என் முள் 19-க்கு வந்தது. நிற்கவில்லை. 17. கொஞ்ச நேரத்தில் 14. தம்பி காலை அசைக்கவே இல்லை, ஆனால் இன்ஜின் சத்தம் கனத்துக்கொண்டே வந்தது. 11. பிறகு 8-ல் தயங்கி நின்றது. காலை எடுக்கச் சொன்னேன். முள் சட்டென்று மேலே ஏறாமல், யோசித்து யோசித்து 18-க்குத் திரும்பியது.

புகை வெளியேற வழியில்லாமல் சிலிண்டருக்குள்ளேயே தேங்கினால்தான் இப்படி நடக்கும். ஐடிலிங்கில் வெளியேற வேண்டிய புகை குறைவு, அடைப்பின் ஓட்டையே அதற்குப் போதும். வேகம் கூடியதும் புகை பின்னால் தேங்கி நிற்கிறது, புதுக் காற்று உள்ளே வர இடமில்லை. ஐடிலிங்கில் எல்லாம் நன்றாகத் தெரிந்ததற்கு இதுவே காரணம்.

இதை உறுதிப்படுத்த இன்னொரு சோதனை. ஆக்ஸிஜன் சென்சார் உள்ள வண்டிகளில் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியை மாட்டிவிடலாம். இந்த வண்டியில் அந்த வசதி இல்லை. ஆகவே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் முன்பக்கக் குழாய்க்கும் இடையிலுள்ள ஃபிளாஞ்சை (நட்டு போட்டு இணைக்கும் விளிம்பை) தளர்த்தி, ஒரு விரல் அளவு இடைவெளி விட்டு ஓடவிடுவதுதான் வழி. திறந்த வெளியில் மட்டும்தான் செய்ய வேண்டும், கார் ஷெட்டுக்குள் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாடையே காட்டாமல் ஆளைச் சாய்த்துவிடும். எரியக்கூடிய எதுவும் அருகில் இருக்கக்கூடாது. சத்தம் டிராக்டரைத் தோற்கடித்தது. எதிர்வீட்டு மாமி சன்னலைச் சாத்திக்கொண்டார். ஆனால் 2,500-ல் முள் 20-க்கு வந்து அங்கேயே நின்றது. தம்பி மிதித்த மாத்திரத்தில் இன்ஜின் துள்ளி ஏறியது.

அடைப்பு ஃபிளாஞ்சுக்குப் பின்னால்தான் என்பது உறுதி. கன்வெர்ட்டரா, சைலன்சரா? வண்டி ஆறிய பிறகு அடியில் படுத்து ரப்பர் சுத்தியலால் இரண்டையும் தட்டினேன். சைலன்சர் 'தொம்' என்றது. கன்வெர்ட்டரைத் தட்டியதும் உள்ளே ஓடு உடைந்து உருளும் சத்தம் கேட்டது.

கழற்றுதல்

முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக்கூடாது. நட்டுகள் எல்லாம் துருப்பிடித்து, அவை மாட்டியிருந்த ஸ்டட்டோடு (தலையில்லாத போல்ட்டோடு) ஒன்றாகிக் கிடந்தன. முந்தைய நாள் இரவே துரு நீக்கும் எண்ணெயை அடித்து ஊறவிட்டிருந்தேன். 14 மி.மீ. ஆறுமுனை சாக்கெட்டும் நீளக் கைப்பிடியும் வைத்து, இறுக்கும் பக்கம் கொஞ்சம், தளர்த்தும் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றித் திருப்பினேன். பன்னிரண்டு முனை சாக்கெட்டாக இருந்திருந்தால் நட்டின் தலை உருண்டுபோயிருக்கும்.

ஒரு ஸ்டட் முறிந்தது. நல்லவேளை, மேனிஃபோல்டுக்கு வெளியே அரை சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. வெல்டிங் கடைக்காரர் வந்து, அதன் தலையில் ஒரு பெரிய நட்டை வைத்துப் பற்றவைத்து, சிவப்பு தணிவதற்குள் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினார். வெண்ணெயில் கத்தி போனது மாதிரி என்று சொல்ல ஆசை. உண்மையில் 'கிறீச்' என்று கத்திக்கொண்டே வந்தது. இருநூறு ரூபாய். துளைபோட்டு எடுக்கப் பார்த்திருந்தால் என் கைக்கு மேனிஃபோல்டு மிஞ்சியிருக்காது.

கன்வெர்ட்டரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே பீங்கானால் ஆன தேன்கூடு வரிசையாக, சின்னச் சின்னச் சதுரக் கண்களோடு இருக்க வேண்டும். மறுபக்க வெளிச்சம் தெரிய வேண்டும். முன்முகத்தின் ஒரு பாதியில் கண்களே இல்லை. உருகி, மூடி, பளபளப்பான சாம்பல் நிறக் கட்டியாகிவிட்டது. மறுபாதி உடைந்து இரண்டு துண்டுகளாகக் கழன்று கிடந்தது. குழாயைச் சாய்த்தால் ஒரு துண்டு புரண்டு, வெளியேறும் வாயைக் குறுக்காக மூடியது. வேறு பக்கம் சாய்த்தால் விலகியது. 'சில சமயம் நன்றாக ஓடும்' என்ற புதிருக்கு விடை கையில் கிடைத்தது. திடீரென்று இழுவை போனதற்கும் இதுதான் காரணம். உருகல் மாதக்கணக்கில் நடந்திருக்கும். மேம்பாலத்தில் நடந்தது துண்டு கழன்றதுதான். அந்தத் தூளை முகக்கவசம் இல்லாமல் தட்டிக் கொட்டக்கூடாது.

பீங்கான் தானாக உருகாது. அதற்கு ஆயிரத்து நானூறு டிகிரி அளவுக்கு வெப்பம் வேண்டும், சாதாரணப் புகையில் அவ்வளவு வெப்பம் இல்லை. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் வந்து அங்கே எரிந்தால்தான் அந்த வெப்பம் வரும். மூன்றாம் சிலிண்டர் ஒரு வருடமாக அதைத்தான் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. தேய்ந்த ஊசி வால்வு அதற்குத் துணை. ஆரம்பத்தில் தொடர்பில்லை என்று ஒதுக்கிய வயர்தான் ஆணிவேர். வயரைச் சரிசெய்யாமல் புதுக் கன்வெர்ட்டரை மட்டும் மாட்டியிருந்தால் அதுவும் அடுத்த ஆண்டு இதே கதிக்கு வந்திருக்கும்.

காலிக் குழாயா, புதியதா

மெக்கானிக் அண்ணன் பார்த்துவிட்டு, "உள்ளே இருப்பதைக் குத்திக் கொட்டிவிட்டுக் காலியாக மாட்டு தம்பி, இன்னும் நன்றாக இழுக்கும்" என்றார். பழைய கூட்டுக்குத் தானே பணம் தருவதாகவும் சொன்னார். அந்தப் பீங்கான் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு இருப்பதால் பழைய கன்வெர்ட்டருக்கு என்றைக்கும் கிராக்கி உண்டு.

சட்டப்படி பார்த்தால், 1998 வண்டிக்குப் புகைப் பரிசோதனை வரம்பு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பிபிஎம். டியூனிங் சரியாக இருந்தால் காலிக் குழாயோடும் அதில் தேறிவிடலாம். அதற்காக, வண்டியோடு வந்த புகைக்கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடுங்கி எறிவது முறையாகிவிடாது. எங்கள் தெருவில் வண்டி நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே ஒரு மழலையர் பள்ளி. நான் புதியதையே வாங்கினேன். எனக்கு அதில் இரண்டாவது யோசனை இருக்கவில்லை. 7,200 ரூபாய் என்றதும் கொஞ்சம் வலித்தது, அவ்வளவுதான். பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றியது பாதி விலைக்குக் கிடைத்தது. டார்ச் அடித்துப் பார்த்ததில் அதன் கண்களும் பாதி அடைபட்டிருந்தன. பழையது வாங்குகிறவர்கள் கையில் டார்ச்சோடு போக வேண்டும், குலுக்கியும் பார்க்க வேண்டும்.

மாட்டுவதற்கு முன் கார்புரேட்டர் கலவையைத் திருத்தினேன். தெரிந்த புகைப் பரிசோதனை நிலையத்தில் கேட்டுக்கொண்டு, குழாயில் அவர்கள் கருவியை வைத்தபடியே கலவைத் திருகைத் திருப்பினேன். தொடங்கும்போது கார்பன் மோனாக்சைடு 4 சதவீதத்துக்கு மேல்; சிறிது சிறிதாகக் குறைத்து ஒன்றரைக்குக் கொண்டுவந்தேன். அதற்குக் கீழே போனால் ஐடிலிங் தடுமாறியது. பரிசோதனை நிலையத்தவர் கூடுதலாக நூறு ரூபாய் கேட்கக்கூடும் என்று நினைத்தேன், டீ வாங்கிக் கொடுத்ததோடு முடிந்தது. பிறகு புதுக் கன்வெர்ட்டர், இருபக்கமும் புதுக் கேஸ்கெட், புது ஸ்டட், துரு பிடிக்காதிருக்க நூலில் செம்புப் பசை. நட்டுகளை ஒரே முட்டாக இறுக்காமல் மாற்றி மாற்றி இறுக்கினேன். சோப்புத் தண்ணீர் தெளித்துக் கசிவு பார்த்தேன், குமிழி வரவில்லை.

வேக்குவம் கேஜ் 2,500-ல் 20 காட்டி நின்றது. மேம்பாலத்தை மூன்றாம் கியரிலேயே ஏறியது. பிறகு ஏலகிரி மலைக்குப் போனோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும், நாலு பேரோடு, இரண்டாம் கியரிலேயே ஏறியது. மைலேஜ் லிட்டருக்கு 11-லிருந்து 16-க்கு வந்திருக்கிறது.

கணக்கு

பிளக் வயர் 480, பிளக் மூன்று 330, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் ரோட்டரும் 350, பெட்ரோல் ஃபில்டர் 60, கார்புரேட்டர் கிட் 450, கழுவும் ஸ்பிரே 280, வேக்குவம் கேஜ் 750, கேஸ்கெட் 180, ஸ்டட்டும் நட்டும் 120, வெல்டிங் 200, கன்வெர்ட்டர் 7,200. ஆக மொத்தம் 10,400 ரூபாய். இதில் மூடியும் ரோட்டரும் ஃபில்டரும் தேவைப்பட்டிருக்கவில்லை. கார்புரேட்டர் கிட் இழுவைக்காகத் தேவைப்படவில்லை என்றாலும், ஊசி வால்வுக்காக எப்படியும் வாங்கத்தான் வேண்டியிருந்திருக்கும்.

அடுத்த முறை இழுவை போனால், கிளட்சையும் பிரேக்கையும் விலக்கியவுடன் வேக்குவம் கேஜைத்தான் முதலில் மாட்டுவேன். ஒரு ஸ்பேனர்கூடத் தேவையில்லை, கால் மணி நேரத்தில் வால்வா, டைமிங்கா, காற்றுக் கசிவா, அடைப்பா என்று திசை தெரிந்துவிடும். மல்டிமீட்டர் இரண்டாவது. கார்புரேட்டரை இறக்குவது கடைசி. மழைக்காலக் காலையில் மிஸ்ஸிங் அடித்தால், சூடானதும் நின்றுவிடுகிறது என்று விடாமல் அந்த வாரமே வயரை அளப்பேன்.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஃபிளாஞ்ச் நட்டுகளை மறுபடி பார்த்தேன். முன்பக்கத்து நட்டு ஒன்று கால் சுற்று வாங்கியது, மற்றவை அசையவில்லை. டைமிங் கவரைத் திறந்தபோது பெல்ட்டின் முதுகில் மயிரிழை விரிசல்கள் தெரிந்தன. பெல்ட்டும் டென்ஷனரும் வாங்கிவைத்திருக்கிறேன், பொங்கல் விடுமுறையில் அந்த வேலை.